அசெம்பிள் பண்ணும் முன் அறையைப் பாருங்கள்: சென்னை வெயிலில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, அப்புறம் பிராசஸர், பிறகு ரேம், கண்ணாடி கேபினெட், கலர் லைட் ஃபேன். கடைசியில் மிச்சமிருக்கும் காசில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கம்ப்யூட்டர் உட்காரப்போகும் அறை, அது சொருகப்படும் பிளக் பாயிண்ட், அந்தப் பாயிண்டின் எர்த் ஆகியவை பட்டியலிலேயே வராது.

சென்னையில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் அயனம்பாக்கம், அத்திப்பட்டு, திருவேற்காடு மாதிரி கடலிலிருந்து தள்ளி இருக்கும் பகுதிகளில் கண்டிப்பாக. மெரினா பக்கம் மதியமே வந்துவிடும் கடற்காற்று எங்கள் ஏரிக்கரைக்கு வந்து சேர நேரமாகும். சில நாள் வரவே வராது. அறையிலிருந்து ஆரம்பித்தால் எந்த கிராஃபிக்ஸ் கார்டு என்ற கேள்விக்கும் பாதி விடை தானாகக் கிடைத்துவிடும். எப்படி என்று கணக்கோடு எழுதுகிறேன்.

ரிவ்யூவில் 75 டிகிரி என்றால் நம் வீட்டில் எவ்வளவு?

யூடியூபில் ஒருவர் கூலரைச் சோதிக்கிறார். பிராசஸர் 75 டிகிரி என்று காட்டுகிறார். நாமும் '75தானே, பயமில்லை' என்று வாங்கிவிடுகிறோம். அந்த அறையில் வெப்பநிலை எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது ஏசி போட்ட 21, 23 டிகிரி அறை.

கூலர் எதையும் குளிரவைப்பதில்லை. பிராசஸரின் வெப்பத்தை எடுத்து அறைக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். அதனால் அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதுதான் அதன் உண்மையான அளவு. கேமர்ஸ் நெக்சஸ் மாதிரி கவனமாகச் சோதிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் முதன்மையாகக் கொடுக்கிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அறை 23, பிராசஸர் 75, வித்தியாசம் 52. மே மாதம் மாலை ஏழு மணிக்கு எங்கள் மாடி அறையில் 36 டிகிரி. கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிவரை உள்ளே கக்கிக்கொண்டே இருக்கும். 36உடன் 52ஐக் கூட்டினால் 88.

ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸருக்குக் கம்பெனி சொல்லும் உச்ச வரம்பு 89 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. அதே பிராசஸர், அதே கூலர், ஊர் மட்டும் வேறு.

'லிக்விட் கூலர் போட்டால் சரியாகிவிடுமே' என்று கேட்பார்கள். ஆகாது. தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர்வரை கொண்டுபோகிறது. அங்கிருந்து அது அதே அறைக் காற்றில்தான் கலக்கிறது. 36 டிகிரி அறையில் எந்த ரேடியேட்டரும் 36க்குக் கீழே இறங்காது. பெரிய ரேடியேட்டர் அந்த 52ஐ 42 ஆக்கலாம். நல்லதுதான். ஆனால் அறைக்குள் கொட்டும் வெப்பம் ஒரு வாட்கூடக் குறையாது.

ஒரு பட்டியல், இரண்டு கணக்கு

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை, ஷிஃப்ட். மொட்டைமாடியில் ஒற்றை அறை போர்ஷன், ஏசி கிடையாது. முதல் ஒரு வருடச் சேமிப்பில் ஒரு லட்சத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பட்டியலோடு வந்தான். "அண்ணா, சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றான்.

பட்டியலில் இன்டெல் கோர் ஐ7-14700கே பிராசஸர். பழைய ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு. லிக்விட் கூலர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். ஆறு கலர் ஃபேன். எஸ்.எம்.பி.எஸ் இருந்த இடத்தில் '750 வாட், ஏதாவது ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தான்.

இதில் வாட் கணக்கை மட்டும் பார்ப்போம். ஐ7-14700கேவுக்கு இன்டெல் சொல்லும் அதிகபட்ச டர்போ பவர் 253 வாட். ஆர்டிஎக்ஸ் 3070 220 வாட். இரண்டும் சேர்ந்து 473. இது உச்ச எண். கேம் ஓடும்போது பிராசஸர் இந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் வசதி.

நான் சொன்ன மாற்று: ரைசன் 5 7600, அதனுடன் ஆர்டிஎக்ஸ் 4060. 7600ஐ 65 வாட் பிராசஸர் என்று விற்கிறார்கள், சாக்கெட்டிலிருந்து அது அதிகபட்சம் 88 வாட் எடுக்கலாம். 4060 115 வாட். கூட்டினால் 203.

4060ஐவிட 3070 கொஞ்சம் வேகம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவனிடம் இருப்பது 1080 பிக்சல் மானிட்டர். அதற்கு 4060 தாராளம். 3070 2020இல் வந்த மாடல். எத்தனை கை மாறியதோ, எத்தனை நாள் இரவு பகலாக ஈத்தரியம் மைனிங்கில் ஓடியதோ தெரியாது. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றியதும் கிராஃபிக்ஸ் கார்டு மைனிங் படுத்துவிட்டது. அந்தக் கார்டுகளில் நிறைய பழைய சந்தைக்கு வந்தன. வாங்கவே கூடாது என்பதில்லை. வாரண்டி மிச்சமில்லாத கார்டை ஏசி இல்லாத அறைக்கு வாங்குவதுதான் யோசிக்க வேண்டியது.

இன்டெல் பிராசஸருக்கும் ஒரு கதை உண்டு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி, நாளாவட்டத்தில் சிப் பழுதாகும் பிரச்சினையை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் அப்டேட் கொடுத்து வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.

இப்போது 473க்கும் 203க்கும் உள்ள வித்தியாசத்தை அறையில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியே வரும். முதல் பட்டியல், பத்துக்குப் பத்து அறையில் கூடுதலாக நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இரண்டாவது, இரண்டு பேர். கம்ப்யூட்டர் எடுக்கும் கரண்ட் கடைசியில் முழுக்க வெப்பமாகத்தான் மாறுகிறது. கேமில் எதிரியைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் அந்த 473 வாட் அறைக்குள்தான் இருக்கும். அறை சூடாக ஆக, மேலே பார்த்த கூட்டலில் முதல் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். 36 என்று ஆரம்பித்தது ஒரு மணி நேரத்தில் 38 ஆகிவிடும்.

கரண்ட் பில்லையும் பார்ப்போம். இரண்டுக்கும் நடுவே 270 வாட். தினம் 4 மணி நேரம், 60 நாள் என்றால் 64.8 யூனிட். உண்மையில் இதைவிடக் குறைவாக வரும். நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் முறை. 480 யூனிட்டில் இருக்கும் வீடு 500ஐத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். போர்ஷனுக்குத் தனி மீட்டர் இல்லாமல் ஹவுஸ் ஓனரிடம் யூனிட் கணக்கில் கட்டுகிறவர்களுக்கு இன்னும் வலிக்கும்.

ஏற்கனவே அதிக வாட் கார்டு வைத்திருப்பவர்கள் விற்க வேண்டியதில்லை. சிப்பில் செலவாகும் பவர், வோல்டேஜின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பொறுத்தது. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. இந்தப் பங்கில் 19 சதவீதம் மிச்சம். இதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறார்கள். எல்லா சிப்பும் இவ்வளவு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கேம் கிராஷ் ஆகாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிடச் சுலபம், மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் ஃபிரேமையும் 75இல் நிறுத்திவிடுவது. கண்ணுக்கு வராத 140 ஃபிரேமை வரைய எதற்கு வெப்பம்?

காற்று போக வழி

கேபினெட் வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். முன்பக்கம் சல்லடை மாதிரி துளை இருக்கிறதா? கண்ணாடி பக்கவாட்டில் இருக்கட்டும், உள்ளே இருக்கும் லைட் தெரியும், தப்பில்லை. முன்பக்கமே கண்ணாடி என்றால் ஃபேன் எங்கிருந்து காற்றை இழுக்கும்? ஆறு ஃபேன் வேண்டாம். முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, மூன்று போதும்.

அடுத்து, தச்சர் செய்துகொடுத்த பழைய கம்ப்யூட்டர் டேபிள். 'சிபியு வைக்க' என்று கதவு போட்ட ஒரு பெட்டி இருக்குமே, அதற்குள் கேமிங் கேபினெட்டை வைக்கவே கூடாது. விட்ட சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். 2000இல் அசெம்பிள் செய்த பெண்டியம் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டி பொருந்தியது. இன்றைய வாட்டுக்குப் பொருந்தாது.

தரையிலும் வேண்டாம். காரணம் தூசி மட்டும் இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் சுற்று வட்டாரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஒரு முக்காலி மேலாவது வையுங்கள்.

தூசி ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தூசி பொடியாக இருக்காது, பசை மாதிரி ஹீட்சிங்க்கில் படியும். பின்பக்கம் கார்டு இல்லாத ஸ்லாட்டுகளின் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போகும். சூடான இடம் அதற்குப் பிடிக்கும். போர்டில் இரண்டு பின்னை ஒரு பல்லி தொட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு.

எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ், இன்வெர்ட்டர்

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியில் '80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்று போட்டிருக்கும். அது திறமை அளவு: சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பது. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது சான்றிதழ் இல்லை. அந்தச் சோதனையும் 23 டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்தில் நடப்பது. ஆகவே லேபிளில் இன்னொரு வரியைத் தேடுங்கள். முழு வாட்டையும் 40 டிகிரியில் கொடுக்கும் என்கிறதா, 50 டிகிரியில் கொடுக்கும் என்கிறதா? கேபினெட்டுக்குள் 40 என்பது நமக்கு மார்ச் மாதமே வந்துவிடும். 50 போட்டதை வாங்குங்கள். 203 வாட் பட்டியலுக்கு நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் தாராளம். 'ஏதாவது ஒரு 750'ஐவிட அது மேல்.

யு.பி.எஸ்ஸில் ஒரு குழப்பம் உண்டு. 600 விஏ என்றால் 600 வாட் இல்லை. சாதாரணமாக 360 வாட்தான் வரும். 1100 விஏ என்றால் 660. போர்டு, ஃபேன், எஸ்.எம்.பி.எஸ் இழப்பு, மானிட்டர் எல்லாம் சேர்த்தாலும் இரண்டாவது பட்டியல் 360க்குள் அடங்கும். முதல் பட்டியலுக்குப் பெரிய யு.பி.எஸ் வேண்டும். ஒரு பிராசஸரை மாற்றியதில் கூலர், எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ் மூன்றின் செலவும் இறங்குகிறது, பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். 'யு.பி.எஸ்', 'நார்மல்' (சிலதில் 'ஈகோ') என்று இரண்டு நிலை இருக்கும். மெயின் கரண்ட் சட்டென்று நின்றால், எஸ்.எம்.பி.எஸ் தன் கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜை வைத்து சுமார் 16 மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு முழுச் சுற்றே 20 மில்லிசெகண்டு. யு.பி.எஸ் நிலையில் இன்வெர்ட்டர் 10 மில்லிசெகண்டு அளவில் மாறிவிடும், கம்ப்யூட்டர் அணையாது. நார்மல் நிலையில் அதைவிட மெதுவாக மாறும். ஃபேனும் லைட்டும் ஒரு தடவை சிமிட்டும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். 'லோட் தாங்கல' என்று எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றுவதற்கு முன் இந்த சுவிட்சைப் பார்ப்பது நல்லது.

இதில் ஒரு சிக்கல். யு.பி.எஸ் நிலையில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். கோடை ராத்திரியில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் பேட்டரி சீக்கிரம் காலியாகும். அங்கே இன்வெர்ட்டரை நார்மலில் விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி யு.பி.எஸ் போடலாம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்பதையும் பாருங்கள். சதுர அலை கொடுக்கும் பழைய இன்வெர்ட்டரில் இன்றைய எஸ்.எம்.பி.எஸ்கள் சில அணைந்துவிடும் அல்லது ரீங்காரம் போடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். தம்பியின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தது. மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. "பழைய லேப்டாப்ல கை வெச்சா லேசா சுர்ருன்னு இருக்கும்ணா, எல்லா வீட்லயும் அப்படித்தானே" என்றான். நிறைய வீட்டில் அப்படித்தான். ஆனால் அது சரி இல்லை.

நடப்பது இதுதான். எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட் தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. எர்த் இருந்தால் அதில் கசியும் சின்ன கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு இரண்டுக்கும் நடுவில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது.

பிரச்சினை அந்தச் சுர்ரில் இல்லை. எஸ்.எம்.பி.எஸ் உள்ளே என்றைக்காவது இன்சுலேஷன் போய் ஃபேஸ் நேரடியாகத் தகட்டைத் தொட்டால், எர்த் உள்ள வீட்டில் ஃபியூஸ் போகும் அல்லது ட்ரிப்பர் விழும். எர்த் இல்லாத வீட்டில் ஒன்றும் நடக்காது. யாராவது வெறுங்காலோடு வந்து தொடும்வரை 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

சில எலக்ட்ரீஷியன்கள் சுலப வழி ஒன்று செய்வார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். சுர் நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் எங்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், ஃபேஸ் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி வந்து கேபினெட் தகட்டிலேயே நிற்கும். எர்த் இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

சரியான வழி, மீட்டர் போர்டில் இருக்கும் எர்த்திலிருந்து அந்த பாயிண்டுக்கு ஒரு பச்சை ஒயர் இழுப்பது, எர்த் பிட் காய்ந்திருந்தால் சரிசெய்வது, போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி போடுவது. முடிந்ததும் எலக்ட்ரீஷியனை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் இருக்க வேண்டும்.

தம்பியின் ஹவுஸ் ஓனரிடம் நானே போய்ப் பேசினேன். முதலில் "இத்தனை வருஷமா யாரும் கேக்கல சார்" என்றார். கேபினெட் கதையைச் சொன்னதும், அதே வரிசையில்தான் தன் வீட்டு வாஷிங் மெஷினும் இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒயர் செலவு ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது

அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் நாம் சொல்லும் ரிச்சி ஸ்ட்ரீட். ஆன்லைன் விலையை போனில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவது போலத் தோன்றும். ஆனால் வாரண்டிக்குப் போகும்போது சீரியல் நம்பரோடு பில் இல்லாவிட்டால் சிரமம் நமக்குத்தான்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம், நம்மில் பலர் வாங்கிய குருஷியல் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பட்ஜெட் இறுகும்போது எதை வெட்டுவது என்ற கேள்வி இப்போது இன்னும் கூர்மையாக வரும். கலர் ஃபேனை வெட்டுங்கள், முன்பக்கக் கண்ணாடியை வெட்டுங்கள், லிக்விட் கூலரை வெட்டுங்கள். 16 ஜிபியில் ஆரம்பித்து, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டுவைத்து, விலை இறங்கியதும் இன்னொன்று சேர்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸையும் யு.பி.எஸ்ஸையும் மட்டும் தொடாதீர்கள்.

நான் எழுதித் தரும் வரிசை இப்போது இதுதான்: எர்த், அறையில் காற்று வரும் இடம், அந்த அறை தாங்கும் மொத்த வாட், அந்த வாட்டுக்குள் அடங்கும் கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும், 50 டிகிரி எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ், சல்லடை முகப்புக் கேபினெட். மிச்சம் இருந்தால் லைட். தம்பி ஒரே ஒரு ஆர்ஜிபி ஸ்ட்ரிப் வாங்கி உள்ளே ஒட்டியிருக்கிறான். அது சில வாட்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.